வா, ராதினி

ஷா ஆலமில் அரிசி மூட்டைகளை இறக்கிவிட்டு, லோரி நிழலில் உட்கார்ந்து சோறு தின்றுகொண்டிருந்தபோதுதான் அந்தப் பாட்டை மறுபடி கேட்டேன். லோரி ஓட்டும் லோகன் போனில் எதையோ தட்டிக்கொண்டிருந்தான். திடீரென்று சாந்தமேரியின் குரல். சோற்றுக் கை அப்படியே நின்றுவிட்டது. ஒரு காலத்தில் கிள்ளான் பக்கம் கோயில் திருவிழாவோ கல்யாணமோ, அந்தம்மா பாடாத மேடை கிடையாது. நான் வேலை விட்டு அழுக்குச் சட்டையோடு போய், ஸ்பீக்கர் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று கேட்பேன். பிறகு பாடுவதை விட்டுவிட்டார் என்றார்கள். என்னிடமிருந்த ஒரே கேசட்டும் நாடா சிக்கி அறுந்து போனது.

"இந்தாங்க அண்ணே, யாரோ பாட்டு வரியோட போட்டிருக்கான்" என்று போனை நீட்டினான்.

எனக்கு எழுத்து வந்ததே ஐம்பது வயதுக்கு மேல்தான். மகள் தன்னுடைய ஒன்றாம் வகுப்புப் புத்தகத்தைத் தேடியெடுத்துச் சாப்பாட்டு மேசையில் விரித்துச் சொல்லிக்கொடுத்தாள். இப்போதும் விரலை வைத்து, உதட்டை அசைத்துத்தான் படிப்பேன். ஓடுகிற எழுத்தைப் பிடிக்க முடியாது. ஒரே ஒரு வரிக்காகக் காத்திருந்தேன். 'போன படகு' என்று தொடங்கி, 'வா' என்று மூச்சு முட்ட நீட்டி, அப்புறம் 'ராதினி' என்று மெல்ல இறங்குவார். கரையில் நின்று யாரோ ஒரு சின்னப் பெண்ணைக் கூப்பிடுகிற மாதிரி இருக்கும். எனக்கு மகள் பிறந்தபோது, என்ன பெயர் என்று கேட்டதும் யோசிக்காமல் அதைத்தான் சொன்னேன்.

அந்த வரி வந்ததும் நிறுத்தச் சொன்னேன். நடுவில் இடைவெளியே இல்லை. வாராதினி. ஒரே சொல்.

"தப்பா போட்டிருக்கான்டா. 'வா'வைத் தனியா எழுதணும்."

"எதுக்கு? வாராது இனி. போன படகு இனிமே வராதுன்னு பாடுது அந்தம்மா. சாவு வீட்டுப் பாட்டு மாதிரி இருக்கு லா." கோழித் தொடையைக் கடித்தவனுக்கு அப்போதுதான் என் மகள் பெயர் ஞாபகம் வந்திருக்க வேண்டும். மெல்லுவதை நிறுத்தினான். "அலாமாக், அண்ணே..."

"சாப்பிடுடா" என்றேன்.

அதே வாரம் ராதினி வேலை விட்டு வந்ததும் வராததுமாகச் சொன்னாள். "அப்பா, பிரிக்ஃபீல்ட்ஸ்ல ஷோ. சாந்தமேரி ஆன்டி திரும்பப் பாடுறாங்க. டிக்கெட் எடுத்துட்டேன்!"

பூச்சோங்கில் ஒரு பல் கிளினிக்கில் கவுன்டரில் இருக்கிறாள். கூடப் படித்தவர்களுக்கெல்லாம் எண் கணிதம் பார்த்து வைத்த பெயர், தனக்கு மட்டும் பாட்டிலிருந்து அப்பா எடுத்துக் கொடுத்த பெயர் என்று அவளுக்கு ஒரு கர்வம். பேர் கேட்கிறவர்களுக்கெல்லாம் பாட்டையும் சேர்த்துச் சொல்வாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் காரை ஓட்டிக்கொண்டே, "அவங்களைப் பார்த்து நான்தான் உங்க ராதினின்னு சொல்லப்போறேன், பாருங்க" என்றாள். 'எனக்குத் தப்பா கேட்டுடுச்சும்மா.' இதைச் சொன்னால் போதும். பெடரல் ஹைவே முழுக்க வாயில் வைத்துக்கொண்டே வந்தேன். நான் படிக்காதவன் என்பது அவளுக்குத் தெரியும். படிக்காததைக் கொண்டுபோய் அவள் தலையில் எழுதியிருக்கிறேன் என்பதுதான் தெரியாது.

சாந்தமேரிக்கு முடி முழுக்க நரைத்திருந்தது. நாற்காலியில் உட்கார்ந்துதான் பாடினார். குரலில் மணல் விழுந்திருந்தது. ஆனாலும் அந்தப் பாட்டை எடுத்தபோது எல்லாம் மறந்துபோனது. கண் நிறைந்துவிட்டது. அந்த வரி வந்ததும் ராதினி என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கூடவே பாடினாள். 'வா'வைத் தனியாக, பெயரைத் தனியாக.

பாட்டு முடிந்ததும் நிகழ்ச்சி நடத்துகிற பையன் மைக்கோடு இறங்கி வந்தான். "அக்காகிட்ட யாராச்சும் ஒரு வார்த்தை பேசுறீங்களா?" ராதினி எழுந்துவிட்டாள். அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்திருக்கலாம். என் கை மடியிலேயே கிடந்தது.

"வணக்கம் ஆன்டி. என் பேரு ராதினி. உங்க பாட்டைக் கேட்டுத்தான் எங்கப்பா இந்தப் பேரை வச்சாரு. ரொம்ப நாளா ஒரு கேள்வி. பாட்டுல நீங்க கூப்பிடுற ராதினி யாரு ஆன்டி?"

"ராதினியா? அப்படி யாரும் இல்லையேம்மா." சாந்தமேரி அந்த வரியைத் தனக்குள் முணுமுணுத்துப் பார்த்தார். சட்டென்று நெஞ்சில் கை வைத்துச் சிரித்துவிட்டார். "ஐயோ மாதாவே! வாராது இனி! அது பேரு இல்லம்மா!"

மண்டபமே சிரித்தது. "நல்ல வேளை, படகுன்னு வைக்காம விட்டாரு" என்று பின்னாலிருந்து ஒருவன் கத்தினான். இன்னும் பெரிய சிரிப்பு.

"யாரும் சிரிக்காதீங்க, அழகான பேரு" என்றார் சாந்தமேரி. "அப்பா வந்திருக்காரா? எங்க, எழுந்து நிக்கட்டும், பார்ப்போம்."

கைதட்டல் கேட்டது. ராதினி என் பக்கம் திரும்பினாள். உதட்டில் சிரிப்பு இன்னும் இருந்தது. என்ன செய்வதென்று தெரியாமல் ஒட்டிக்கொண்டிருந்ததோ என்னவோ. நான் எழுந்திருக்கவில்லை. குனிந்து, ஏதோ கீழே விழுந்துவிட்ட மாதிரி நாற்காலிக்கு அடியில் தேடினேன். சிமெண்டுத் தரையும் யாரோ போட்ட மிட்டாய்த் தாளும் தெரிந்தன.

"அப்பா வரலையாம்மா?"

அப்புறம் எனக்கு மேலே அவள் குரல் மைக்கில் கேட்டது.

"வரல, ஆன்டி."

வெளியே வெயில் இன்னும் இறங்கவில்லை. அவள் எனக்கு முன்னால் நடந்தாள். கார் நின்றது இடது பக்கம். அவள் அதைப் பார்க்காமல் விறுவிறுவென்று சாலையைக் கடந்து எதிர்ப்பக்கம் பூக்கடைகளுக்குப் போய்விட்டாள். பின்னாலேயே ஒரு பஸ், அதன் பின்னால் வரிசையாகக் கார்கள். நான் இந்தப் பக்கம் மாட்டிக்கொண்டேன். கூப்பிட்டால் கேட்கிற தூரம்தான். வாயைத் திறந்தேன். பாப்பா என்று கூப்பிட்டுப் பழக்கமில்லை. அவளைக் கூப்பிட எனக்குத் தெரிந்தது ஒரு சொல்தான்.

அங்கே அவள் நின்றுவிட்டாள். முதுகு மட்டும் தெரிந்தது. பூக்கட்டுகிற அம்மாள் அவளிடம் என்னவோ கேட்டாள். பிறகு நூலைப் பல்லில் கடித்தபடி அவள் தோளுக்கு மேலாக எட்டி, சாலைக்கு இந்தப் பக்கம் வாயைத் திறந்துகொண்டு நிற்கிற என்னைப் பார்த்தாள்.