பழைய வலிதான்

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நம்ம ரொட்டிக்காரர் கெட்டது எழுதிக் கொடுத்து. பேக்கரியில் மாவு மூட்டையைத் தூக்கும்போது வலது தோள் கடக்கென்றது. விபத்துப் படிவத்தை நீட்டி என்ன ஆச்சு என்று கேட்டார்கள். மனுஷன் 'பழைய வலிதான்' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டார். அடுப்பருகே வேலை பார்ப்பவர்களின் வாயே அப்படி. கை வெந்தாலும் ஒன்றுமில்லை என்பார்கள்.

பழைய கதை உண்மைதான். மூன்று வருஷத்துக்கு முன்னால், அப்போது வேலை பார்த்த பிஸ்கட் ஃபேக்டரியில் அதே தோளில் தசைநார் கிழிந்தது. அவர்களே வைத்தியம் பார்த்தார்கள், குணமானது. ஆனால் அடிபட்ட தோள் என்று தெரிந்ததும் எந்த பேக்கரியிலும் வேலை தரவில்லை. இந்த முதலாளி ஒருத்தர்தான் சேர்த்துக்கொண்டார்.

இப்போது ஆபரேஷன் செய்யாவிட்டால் கை மார்புக்கு மேல் எழும்பாது என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். செலவை யார் ஏற்பது? பழைய வலி என்று அவரே எழுதியிருக்கிறாரே என்றது பேக்கரி. ரெண்டு வருஷம் உங்களிடம்தானே மூட்டை சுமந்தார் என்றது ஃபேக்டரி. இவர் தலையில் அவரும் அவர் தலையில் இவரும் கட்டப் பார்க்க, பாவம், நடுவில் தொங்கியது ரொட்டிக்காரர் கை.

ஏன் அப்படி எழுதித் தொலைத்தீர்கள் என்று மனைவி பிடித்துக்கொண்டாள். உப்பிட்டவரை மாட்டிவிடச் சொல்கிறாயா என்றார் இவர்.

"அவர் போட்ட உப்பு சரி. நாளைக்கு நம்ம வீட்டுல உப்பு வாங்கணுமே, எந்தக் கையால?" என்றாள்.

தொழிலாளர் அலுவலகத்தில் விசாரணை, ஒரு சின்ன அறையில். அதிகாரியம்மா கேட்டது ஒன்றே ஒன்று: இந்த ரெண்டு வருஷத்தில் தோள் வலித்ததா? வலித்திருந்தால் பழைய காயம், ஃபேக்டரி பொறுப்பு. வலிக்கவில்லையென்றால் புதுக் காயம், பேக்கரி பொறுப்பு. நடுவில் ஒருநாள்கூட டாக்டரிடம் போனதற்குச் சீட்டு இல்லை. வலித்தது என்றால் யார் நம்புவார்கள்? வலிக்கவில்லை என்றால் முதலாளி மாட்டுவார். ரொட்டிக்காரர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த முதலாளியைப் பார்த்தார்.

அதிகாரியம்மா முதலாளியிடம் திரும்பி, வேலைக்கு எடுத்தபோது கை எப்படி இருந்தது என்று கேட்டார்.

"அப்பவே வலிக்குதுன்னு சொன்னார். நான்தான் பாவம் பார்த்துச் சேர்த்துக்கிட்டேன்," என்றார் முதலாளி, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே.

ரொட்டிக்காரருக்கு நெஞ்சு எரிந்தது. அந்த முதல் நாளை இந்த மனுஷர் மறந்திருக்க முடியுமா?

"இல்லைங்கம்மா," என்றார் ரொட்டிக்காரர். "முதல் நாள் ரொட்டி நிறைஞ்ச தட்டைக் கொடுத்து, மேல் ரேக்குல அம்பது தடவை ஏத்தி இறக்கச் சொன்னார். பக்கத்துல நின்னு எண்ணினார். ஏத்தினேன், துளி வலியில்ல. அன்னிக்கு வலிச்சிருந்தா வேலையே கொடுத்திருக்க மாட்டார். அதுக்கப்புறமும் இந்த மூட்டையைத் தூக்குற வரைக்கும் வலிச்சதே இல்ல. பழைய வலின்னு எழுதினது அவருக்காகத்தான்."

முதலாளி மறுக்கவில்லை. ஆபரேஷனுக்கு பேக்கரிதான் பொறுப்பு என்று அதிகாரியம்மா எழுதினார். முதலாளி இவர் முகத்தைப் பார்க்காமலே படியிறங்கிப் போனார்.

பஸ்ஸில் மனைவி ஜன்னலோரம் இடம் விட்டாள். கொஞ்ச தூரம் போனதும், வலிக்கிறதா என்று மெல்லக் கேட்டாள். ஒன்றுமில்லை என்பார் என்றுதான் நினைத்தாள்.

"வலிக்குது," என்றார்.

தோளா என்று அவள் கேட்கவில்லை.