பள்ளி திறக்க இன்னும் ஒன்பது நாள்

மழலையர் பள்ளியிலிருந்து வந்த தாளில் பத்து வரிகள் இருந்தன. ‘உங்கள் குழந்தை தானாகச் செய்யப் பழகியிருக்க வேண்டியவை’ என்று தலைப்பு. லிஃப்ட் மெக்கானிக் அதைக் காந்தம் வைத்து ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டி, பக்கத்தில் ஒரு பேனாவையும் நூல் கட்டித் தொங்கவிட்டான். எந்தக் கட்டடத்து லிஃப்டைச் சோதிக்கப் போனாலும் பட்டியலில் ஒவ்வொன்றாக டிக் அடித்துக்கொண்டே வருவதுதான் அவன் வழக்கம். கடைசி டிக் விழுகிற வரைக்கும் அவனுக்கு இருப்புக்கொள்ளாது.

பள்ளி திறக்க இன்னும் ஒன்பது நாள். மகளுக்கு நாலு வயது முடிந்து இரண்டு மாதம். வாய் ஓயாமல் ஏதோ ஒரு ரீங்காரம் போட்டுக்கொண்டே வீட்டைச் சுற்றி வருவாள் என்பதால் வண்டு என்று பேர் வைத்தது அவள் அம்மா. இந்தத் தாள் விவகாரமெல்லாம் அம்மாவின் இலாகா. அவளோ ஏழாம் மாதத்தில் திடீரென்று இரத்தப்போக்கு வந்து மூன்று வாரமாக ஆஸ்பத்திரியில் படுத்திருந்தாள். பிரசவம் வரைக்கும் கட்டிலை விட்டு இறங்கக் கூடாது என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். அந்த வார்டுக்குள் சின்னப் பிள்ளைகளை விடுவதும் இல்லை.

அதனால் மெக்கானிக் காலை நேரங்களுக்கு லீவு போட்டுவிட்டு மகளைத் தயார்படுத்த இறங்கினான். மத்தியானத்துக்கு மேல் எதிர்வீட்டுத் தையல்காரம்மா பார்த்துக்கொள்வாள்.

முதல் வரி, ஷூ. இடது கால், வலது கால் மாறாமல் போட வேண்டும். வண்டு ஒவ்வொரு முறையும் சரியாக மாற்றியே போட்டாள். பொத்தான் போடச் சொன்னால் பொத்தானுக்கு ஒரு கதை சொன்னாள். டிபன் டப்பாவைத் திறக்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று அவன் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். நாற்பது விநாடி. மறுபடி. முப்பத்தெட்டு. மறுபடி என்றபோது அவள் டப்பாவை மூடி அவன் மடியில் வைத்துவிட்டு, “இப்ப நீ தொற” என்றாள்.

அதெல்லாம் எப்படியோ நடந்தது. மாட்டிக்கொண்டது ஏழாவது வரியில்: ‘கழிப்பறைக்குத் தனியாகச் சென்று, கதவைச் சாத்திக்கொண்டு, முடித்துவிட்டு வருதல்.’

வண்டு கதவைச் சாத்த விடமாட்டாள். அகலத் திறந்திருக்க வேண்டும். உட்கார்ந்த நொடியிலிருந்து கேள்வி வந்துகொண்டே இருக்கும்.

“அப்பா, இருக்கியா?”

“இருக்கேன்.”

இரண்டு விநாடி. “இருக்கியா?”

“இருக்கேன்டா. எங்க போகப்போறேன்?”

இருட்டுக்குப் பயமோ என்று பெரிய பல்பாகப் போட்டான். கால் எட்டவில்லையோ என்று முக்காலி வாங்கி வந்தான். கீல் கிரீச்சிடுகிற சத்தமோ என்று எண்ணெய் விட்டான். ஒன்றும் பலிக்கவில்லை. திறந்த கதவும் அதே கேள்வியும் அப்படியே இருந்தன.

தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு அம்மா போனில் கூப்பிடுவாள். போன் அடித்ததுமே வண்டு சோபாவுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொள்வாள். “அம்மாடா, பேசு” என்று அவன் போனை நீட்டினால், “வேலையா இருக்கேன்னு சொல்லு” என்று பதில் வரும். மறுமுனையில் மனைவி அதைக் கேட்டுச் சிரிப்பாள். அந்தச் சிரிப்பு சிரிப்பாக இல்லை என்பது அவனுக்குத் தெரியும். போனை வைத்த பிறகு அடுப்படிக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டே இருப்பான். பள்ளியில் இவள் யாரிடம் கேட்பாள்? கேட்காமலே அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தால்?

வியாழக்கிழமை பழகு நாள் வந்தது. புதுப் பிள்ளைகள் இரண்டு மணி நேரம் பள்ளியில் இருந்து பார்க்க வேண்டும். அதற்கு முந்தின நாள் தையல்காரம்மா வாயில் ஊசியைக் கவ்விக்கொண்டே யோசனை சொன்னாள்.

“டாட்டா காட்டினாதான் தம்பி அழுவாங்க. விளையாட்டுல இருக்கும்போது நைசா நழுவிடு. என் பிள்ளைங்களை எல்லாம் அப்படித்தான் பழக்கினேன்.”

“நான் போகலக்கா. வெளிய பெஞ்சுல உட்காரச் சொல்லியிருக்காங்க.”

“நீயா? உட்காருவியா?” என்று அவள் சிரித்தாள்.

உட்காரத்தான் செய்தான். எழுந்தான். மறுபடி உட்கார்ந்தான். ஜன்னல் வழியாகப் பார்த்தால் வண்டு மணல் தொட்டியில் ஒரு பொம்மை லாரிக்கு மணலை ஊட்டிக்கொண்டிருந்தாள். நடுநடுவே தலையைத் திருப்பி பெஞ்சைப் பார்த்துக்கொண்டாள். அவன் கையசைத்தான்.

அப்போது சூபர்வைசர் கூப்பிட்டார். பள்ளிக்கு இரண்டு தெரு தள்ளி ஏழு மாடிக் கட்டடம். லிஃப்ட் மூணாவது மாடிக்கும் நாலாவதுக்கும் நடுவில் நின்றுவிட்டது. உள்ளே ஒரு பெரியவர், தனியாக. இன்னொரு மெக்கானிக் ஊரின் மறுகோடியில் இருந்தான்.

“லீவுன்னு தெரியும்பா. அரை மணி நேர வேலை. அவரு இதய நோயாளியாம்.”

மெக்கானிக் ஜன்னலைப் பார்த்தான். வண்டு லாரியோடு பேசிக்கொண்டிருந்தாள். தையல்காரம்மா சொன்னது காதில் ஒலித்தது. அரை மணி நேரந்தானே. டீச்சரிடம் மட்டும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, அவள் திரும்பிப் பார்ப்பதற்குள் கேட்டைத் தாண்டிவிட்டான்.

லிஃப்ட் கதவைத் தட்டியதுமே உள்ளிருந்து நடுங்கின குரல் வந்தது.

“தம்பி, இருக்கீங்களா?”

“இருக்கேன் சார். கதவுக்கு இந்தப் பக்கந்தான் நிக்கிறேன். மூச்சை நல்லா இழுத்து விடுங்க.”

கொஞ்சம் பொறுத்து மறுபடி, “இருக்கீங்களா?”

“இருக்கேன் சார். இப்ப மாடிக்கு, மெஷின் ரூமுக்குப் போறேன். அஞ்சு நிமிஷம் என் குரல் கேக்காது. லிஃப்ட் லேசா அசையும், பயப்படாதீங்க. அசைஞ்சு நின்னதும் நானே வந்து கதவைத் தொறப்பேன்.”

“சரி தம்பி. போயிட்டு வாங்க.”

இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறியவன் ஆறாவது மாடியில் ஒரு கணம் நின்றான். மூச்சு வாங்கியதால் இல்லை. முன்பின் தெரியாத ஒரு மனிதரிடம், எங்கே போகிறேன், எப்போது வருவேன் என்று அவன் யாரும் சொல்லிக்கொடுக்காமலே சொல்லியிருந்தான். தினமும் சொல்கிற பேச்சு அது. உள்ளே மாட்டிக்கொண்டவர்களை இருட்டு அவ்வளவாகப் பயமுறுத்துவதில்லை, வெளியே சத்தம் நின்றுபோவதுதான் பயமுறுத்தும் என்று வேலைக்குச் சேர்ந்த முதல் மாதமே அவனுக்குத் தெரிந்துவிட்டது. பெற்ற பெண்ணிடம் என்ன செய்துவிட்டு வந்திருக்கிறான்? மிச்சப் படிகளை ஓடியே ஏறினான்.

பிரேக்கைத் தளர்த்தி, லிஃப்டை மெல்ல மூணாவது மாடிக்கு இறக்கி, கதவைத் திறந்து பெரியவரை வெளியே கொண்டுவந்தபோது நாற்பது நிமிடம் ஆகியிருந்தது. அவர் அவன் கையைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றார். அவன் கையை உருவிக்கொண்டு ஓடினான்.

வண்டு கழிப்பறைக்குப் போகிற நடையில் சுவரோடு ஒட்டி நின்றுகொண்டிருந்தாள். கவுனும் காலுறையும் நனைந்திருந்தன. அழவில்லை. ரீங்காரமும் இல்லை. டீச்சர் பக்கத்தில் மண்டியிட்டிருந்தாள்.

“பாத்ரூம் போகணும்னு அவளே வந்து கேட்டா சார். கூட்டிட்டு வந்தேன். வாசல்ல நின்னு உங்க பெஞ்சைத் திரும்பிப் பார்த்தா. நீங்க இல்ல. அவ்வளவுதான், உள்ளயும் போகல, திரும்பியும் வரல. நின்ன இடத்துலயே போயிடுச்சு. தொட்டா கையைத் தட்டி விடுறா.”

அவன் தூக்கிக்கொண்டபோது தடுக்கவில்லை. கட்டையைத் தூக்குவது போல் இருந்தது.

வீட்டில் வெந்நீர் விட்டுக் குளிப்பாட்டினான். துவட்டினான். உலர்ந்த சட்டையை மாட்டிவிட்டுக் குளியலறை வாசலில் தரையிலேயே உட்கார்ந்தான். அவளும் உட்கார்ந்தாள், நடுவில் ஒரு முழம் இடம் விட்டு.

“அப்பா மேல கோவமா?”

அவள் சட்டை நுனியை முறுக்கிக்கொண்டே, “அம்மாவும் இப்படித்தான்” என்றாள்.

“என்னடா?”

“நான் பாத்ரூம்ல பாடிட்டு இருந்தேன். வெளிய வந்தா அம்மா இல்ல. தையல் ஆன்ட்டிதான் இருந்தாங்க.”

அவனுக்குத் தூக்கிவாரிப்போட்டது. அன்றைக்கு அவன் வேலையில் இருந்தான். ஆம்புலன்ஸ் வந்து மனைவியை ஸ்ட்ரெச்சரில் ஏற்றியபோது குழந்தை குளியலறைக்குள் இருந்தாளாம். நல்லவேளை, பிள்ளை எதையும் பார்க்கவில்லை என்று தையல்காரம்மா சொன்னாள். ஆம்புலன்ஸில் வந்த நர்ஸும் சொன்னாள். மூன்று வாரமாக அவனும் போவோர் வருவோரிடமெல்லாம் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தான்.

“அம்மா ‘போயிட்டு வரேன்’னு சொல்லவே இல்ல” என்றாள் வண்டு. தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்: “அப்ப, வரமாட்டாங்கதானே?”

மெக்கானிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. எழுந்து நடக்க வேண்டும் போல் இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தே இருந்தான்.

“வருவாங்கடா. வயித்துல பாப்பா இருக்குல்ல, அதுக்கு உடம்பு சரியில்ல. அவசரமாத் தூக்கிட்டுப் போயிட்டாங்க. சொல்ல நேரமில்ல. ஆனா எனக்கு நேரம் இருந்துச்சு. நான்தான் சொல்லாம போனேன். அது தப்பு. இனிமே எங்க போனாலும் உன்கிட்ட சொல்லிட்டுத்தான் போவேன்.”

“நான் அழுதா போகாத.”

ஆமாம் என்று சொல்லிவிட நாக்கு துறுதுறுத்தது. அடக்கிக்கொண்டான். “அழுதாலும் போவேன்டா. ஆனா சொன்ன நேரத்துக்கு வந்துடுவேன்.”

அவள் அதை யோசித்துப் பார்த்தாள். பிடிக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. ஆனாலும் அந்த ஒரு முழ இடத்தைத் தாண்டி வந்து அவன் காலில் சாய்ந்துகொண்டாள்.

அன்று சாயங்காலம் படிக்கட்டில் நின்று போனில் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னான். “அவ பாடினது எனக்குக் கேட்டுச்சுங்க” என்றாள். “கூப்பிட்டா இதையெல்லாம் பார்த்துப் பயந்துடுவாளேன்னு வாயைப் பொத்திக்கிட்டேன்.”

வெள்ளிக்கிழமையிலிருந்து ஃப்ரிட்ஜ் பட்டியலை அப்படியே போட்டுவிட்டார்கள். அவன் வேறு ஒன்றைப் பழக்கினான்: போய்விட்டு வருவது. முதலில் கதவுக்கு வெளியே போய், பத்து எண்ணி உள்ளே வந்தான். அப்புறம் கீழ்த்தளம் வரை போய் வந்தான். சனிக்கிழமை தெருமுனைக் கடை. ஒவ்வொரு தடவையும் சொல்லிவிட்டுப் போனான். தையல்காரம்மா வீட்டு ஜன்னலில் வண்டு மூக்கை அழுத்திக்கொண்டு காத்திருந்தாள். அன்று பால் வாங்கப் புறப்பட்ட தையல்காரம்மா, பாதிப் படியில் திரும்பி வந்து குழந்தையிடம் சொல்லிவிட்டுப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை வண்டு, “இப்ப நான் போறேன், நீ இரு” என்றாள். எதிர்வீட்டு வாசல் வரைக்குந்தான். கதவைச் சாத்திவிட்டுப் போனாள். அவன் ஆறு வரைக்கும் எண்ணினான், பொறுக்கவில்லை, கதவைத் திறந்துவிட்டான்.

“அப்பா! நான் இன்னும் வரல! உள்ள போ!”

திட்டு வாங்கிக்கொண்டு உள்ளே போனான்.

குளியலறைக் கதவு மட்டும் முழுசாகச் சாத்தப்படவில்லை. நாலு விரல் இடைவெளிக்கு வந்திருந்தது. ஏழாவது வரிக்கு டிக் விழவில்லை.

திங்கட்கிழமை காலை பள்ளிக் கேட்டில் அவள் அழுதாள். லேசான அழுகை இல்லை. அவன் பேன்ட்டைப் பிடித்துக்கொண்டு தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி அழுதாள். அவன் குனிந்து அவள் முகத்துக்கு நேரே சொன்னான்:

“போயிட்டு வரேன். பன்னெண்டு மணிக்கு இதே கேட்டுக்கு வருவேன்.”

விரல்களை ஒவ்வொன்றாக விடுவித்து டீச்சர் கையில் கொடுத்தான். நடந்தான். தெருக்கோடி வரைக்கும் அந்த அலறல் முதுகில் வந்து மோதிக்கொண்டே இருந்தது.

வேலையில் மனம் ஒட்டவில்லை. ஒரே போல்ட்டை இரண்டு தடவை முறுக்கினான். ஒன்பதரைக்குப் பள்ளிக்குப் போன் செய்தான். பத்தேகாலுக்கு மறுபடியும்.

“சார்,” என்றாள் டீச்சர், “அவ அழுகையை நிறுத்தி ஒரு மணி நேரமாச்சு. நீங்க எப்ப நிறுத்தப்போறீங்க?”

“பாத்ரூம்…?”

“போனா. கதவு கொஞ்சம் திறந்துதான் இருந்துச்சு. ஆயாம்மா வெளிய நின்னு பேச்சுக் குடுத்துட்டே இருந்தாங்க. பரவாயில்ல சார், எங்ககிட்ட பாதிப் பிள்ளைங்க அப்படித்தான்.”

பதினொன்றரைக்கே கேட்டில் போய் நின்றான். வெயில் சுட்டது. பன்னிரண்டு அடித்ததும் பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்தார்கள். வண்டு நாலாவதாக வந்தாள். ஷூ கால் மாறியிருந்தது. சட்டைப் பொத்தான் ஒன்று மேலே ஏறியிருந்தது. ஏதோ ஒரு புது மெட்டு அவள் மூக்கிலிருந்து வந்துகொண்டிருந்தது. அவனைப் பார்த்தாள். பிறகு கேட்டுக்கு மேலே இருந்த கடிகாரத்தை, அதில் மணி பார்க்கத் தெரியாவிட்டாலும், கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள்.

“பன்னெண்டா?”

“பன்னெண்டு.”

“அப்பா, ஒரு பையன் க்ரேயானைத் தின்னுட்டான். நீலம். அம்மாகிட்ட சொல்லணும், போனைக் குடு.”

அவன் நடைபாதையிலேயே நின்று ஆஸ்பத்திரிக்கு அடித்தான். நடுவில் சூபர்வைசரின் அழைப்பு வந்தது. அதைத் துண்டித்தான். மனைவியின் குரல் கேட்டதும் போனை வண்டுவின் காதில் வைத்தான்.

“நீ ஏன் சொல்லாம போன?” என்று கேட்டாள்.

போனிலிருந்து தேம்பலோடு வந்த பதில் அவனுக்கும் கேட்டது. “தப்புதான்டா செல்லம். கண்டிப்பா சொல்லியிருக்கணும்.”

“எப்ப வருவ?”

“இன்னும் நிறைய நாள் ஆகும்டா. பாப்பா பொறந்ததும் வருவேன்.”

வண்டு ஷூ நுனியால் நடைபாதையைத் தேய்த்தாள். மெக்கானிக் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“சரி” என்றாள் கடைசியில். “அம்மா, நீலம் தின்னா நாக்கும் நீலமாயிடுமா?”

போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அவள் முன்னால் நடந்தாள். மாறின ஷூவோடு எங்கே தடுக்கி விழுந்துவிடுவாளோ என்று, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அவன் ஓரடி பின்னாலேயே போனான். போனில் சார்ஜ் வேறு எட்டு சதவீதந்தான் இருந்தது. அவளோ க்ரேயான் கதையை முதலிலிருந்து ஆரம்பித்திருந்தாள்.