மஞ்சளைப் பாக்காதடி

பல் செட் செய்யும் அந்தச் சின்னப் பணிக்கூடத்தில் மஞ்சளுக்கு அவள்தான் அதிகாரி. பதினாறு மாதிரிப் பற்கள் வரிசையாகக் குத்திய அட்டையைக் கையில் எடுத்தால், யார் வாய்க்கு எந்த மஞ்சள் பொருந்தும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள். அண்ணன் அவளைப் 'பல்லி' என்றுதான் கூப்பிடுவார்.

அண்ணன் பறவைப் பைத்தியம். ஏதாவது குட்டி மஞ்சள் குருவியின் போட்டோவை நீட்டி, இது என்ன என்று கேட்பார். மஞ்சளில் புலியான அவள் சொல்வதெல்லாம் தப்பாகவே இருக்கும்.

"மஞ்சளைப் பாக்காதடி. எல்லாம்தான் மஞ்சளா இருக்கு. மத்ததைப் பாரு" என்று தலையில் ஒரு குட்டு வைப்பார்.

மூன்று மாதத்துக்கு முன் பக்கவாதம் வந்து, அவருடைய வலது கையையும் பேச்சையும் ஒரே காலையில் கொண்டுபோய்விட்டது. "நாம பேசறது உள்ள போகுதா இல்லையான்னு இப்ப சொல்ல முடியாது" என்றார் டாக்டர். அந்த வார்த்தைதான் அவளை அரித்தது. பேச்சு வராவிட்டால் போகட்டும், அண்ணன் உள்ளே இருக்கிறாரா இல்லையா?

பிறகு ஒருநாள், பால்கனி நாற்காலியில் உட்கார்ந்து அண்ணன் இடது கையால் எடுத்த போட்டோ ஒன்று அவள் போனுக்கு வந்தது. தூக்கணாங்குருவி. அது அவளுக்கே தெரியும். பேரை எழுதி அனுப்பினாள். ஒரு வாரம் தினமும் அதே குருவி, அதே பேர். பதில் மட்டும் வரவில்லை.

"கை பட்டுப் போயிடுது போல. நீ மனசைப் போட்டு உழப்பிக்காத" என்றாள் அண்ணி. பாவம், நம்பி நம்பி ஓய்ந்து போனவள்.

வியாழக்கிழமை வேறு குருவி வந்தது. அதன் மஞ்சளை அவள் பல் அட்டையோடு வைத்தே பார்த்தாள். பறவைப் புத்தகத்தில் இருந்த வெள்ளைக்கண்ணியின் மஞ்சளேதான், இம்மி பிசகவில்லை. 'வெள்ளைக்கண்ணி' என்று அனுப்பினாள்.

அதே போட்டோ திரும்பி வந்தது. மறுபடியும் 'வெள்ளைக்கண்ணி' என்றாள்.

இந்த முறை போட்டோவில் தலையை மட்டும் வெட்டி எடுத்து வந்தது. கண்ணைச் சுற்றி வெள்ளைக்கண்ணிக்கு இருக்க வேண்டிய வெள்ளை வளையத்தைக் காணோம். அடுத்தது இறக்கை மட்டும். கறுப்பின் மேல் இரண்டு வெள்ளைப் பட்டைகள்.

அவள் புத்தகத்தைப் புரட்டினாள். மாம்பழச்சிட்டு! கை பட்டுப் போனதாவது மண்ணாவது. அண்ணன் அவளோடு சண்டை போடுகிறார். மேஜையில் பாதி முடித்த யாருடைய பல் செட்டையோ முன்னால் வைத்துக்கொண்டு அவள் வாய்விட்டு அழுதாள். தப்பாகச் சொன்னதற்காக, வாழ்க்கையில் முதல் முறையாக, யாருக்கென்று தெரியாமலே நன்றி சொன்னாள்.

அரை நாள் லீவு போட்டுவிட்டு நேராக அந்தப் பால்கனிக்குப் போய் நின்றாள். போகிற வழியிலேயே ஒரு முடிவுக்கு வந்திருந்தாள்.

"எத்தனை போட்டோ அனுப்பினாலும் சரிண்ணா, அது வெள்ளைக்கண்ணிதான். மஞ்சளைப் பாரு!" என்று பல் அட்டையை அவர் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

அண்ணன் இடது கையால் அதைத் தட்டிவிட்டார்.

"பதினாறு மஞ்சள் தெரிஞ்சவ நான். உனக்கு என்ன தெரியும்?"

"அவரை ஏன் இப்படிப் படுத்தற?" என்று பதறிக்கொண்டு ஓடி வந்தாள் அண்ணி.

அண்ணனுக்கு முகம் சிவந்தது. உதடு ஒரு பக்கமாகக் கோணி, எதையோ முட்டித் தள்ளியது.

"போ... டி."

அண்ணி அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டாள். தங்கை தரையில் உட்கார்ந்து, அசையாத அந்த வலது கையை எடுத்துத் தன் தலைமேல் வைத்துக்கொண்டாள்.

"மாம்பழச்சிட்டுதான்ணா. நீ சொன்னதுதான் சரி" என்றாள். "இன்னொரு தடவை திட்டுண்ணா."