கீழ்வரி பிடித்தவள்

மேடைக்குப் பக்கத்தில் நின்ற மிதுனாவுக்குக் கை வியர்த்துப் புல்லாங்குழல் வழுக்கியது. துப்பட்டாவில் துடைத்தாள். துடைக்கத் துடைக்க வியர்த்தது.

வெள்ளவத்தையில், கடற்கரைத் தண்டவாளத்தை ஒட்டியிருந்த மண்டபத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்கான குழல் போட்டி. சோடி சோடியாக வாசிக்க வேண்டும். ஒருத்தி சின்னதொரு சுரவரியை நிறுத்தாமல் திருப்பித் திருப்பி வாசிப்பாள். மற்றவள் அதன் மேலே, அந்த நேரம் மனதில் வருவதை வாசிப்பாள். கீழ்வரி, மேல்வரி என்று பிள்ளைகளே பெயர் வைத்திருந்தார்கள்.

மேல்வரியைக் குழல் சொல்லிக்கொடுக்கிற மேனகா மிஸ் ஷிம்னாவிடம் கொடுத்திருந்தார். மாளிகாவத்தை ஃபிளாட்டிலிருந்து பஸ் மாறி வகுப்புக்கு வருகிற ஷிம்னா, போன வருடம்தான் சேர்ந்தவள். மிதுனாவோ பால்பல் விழுந்த வயதிலிருந்து குழல் பிடிக்கிறவள்.

"இவ்வளவு காலம் படிச்ச பிள்ளை ஒரே வரியை அரைச்சுக்கொண்டு நிக்கவோ?" என்று அம்மா நேசமலர் காலையில் த்ரீவீலுக்குள் வைத்துப் பொரிந்து தள்ளினாள். "அந்தப் பிள்ளை தடக்குப்பட்டா நீ பிடிச்சு மேல போ. ஒருத்தரும் பிழை சொல்லமாட்டினம்."

கீழ்வரியைப் போனில் பதிந்து ஓடவிட்டு, அதற்கு மேலே ஒரு மெட்டை மிதுனா அறைக்கதவைச் சாத்திக்கொண்டு பாடமாக்கி வைத்திருப்பது அம்மாவுக்குக்கூடத் தெரியாது.

பெயர் கூப்பிட்டார்கள். மிதுனா கீழ்வரியைத் தொடங்கினாள். ஸ க ரி க, ப க ரி ஸ. வரி முடிகிற இடத்தில் ஒரு பொட்டு மூச்சு, மறுபடி முதலிலிருந்து. ஷிம்னா மெதுவாக உள்ளே வந்தாள். இரண்டே சுரங்களை வைத்து எதையோ கேட்பதுபோல வாசித்தாள். முன்வரிசையில் நடுவர் ஒருவர் தலையை நிமிர்த்தினார்.

அந்த நேரம் பார்த்துத் தெகிவளைப் பக்கம் போகிற ரயில் வந்தது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. ஷிம்னா குழலை உதட்டிலிருந்து எடுத்தாள்.

மிதுனா கீழ்வரியை வாசித்தாள். ஷிம்னா வரவில்லை. திரும்பவும் வாசித்தாள். ஷிம்னா கண்ணை மூடிக்கொண்டு சும்மா நின்றாள். மறந்துவிட்டாள், வெலவெலத்துப் போய்விட்டாள் என்று மிதுனாவுக்குத் தோன்றியது. கீழே அம்மா கதிரையின் நுனிக்கு வந்துவிட்டாள்.

வரியை விட்டுவிட்டு மேல் ஸட்ஜத்துக்குப் பாய்ந்தாள்.

பாய்ந்த பிறகுதான் தெரிந்தது, அடியில் ஒன்றுமில்லை. அறைக்குள் அவ்வளவு அழகாகக் கேட்ட மெட்டு, ரயில் சத்தம் ஓய்ந்த மண்டபத்தில் வெறிச்சென்று கேட்டது. அடுத்த மூச்சுக்குள் உடைந்துவிடும் என்று நடுங்கியபோது, பக்கத்திலிருந்து கீழ்வரி எழுந்தது. ஷிம்னா அதைப் பிடித்துக்கொண்டாள், ஒரு இம்மியும் பிசகாமல். அதன்மேல் நின்று மிதுனா மெட்டை வாசித்து முடித்தாள்.

கைதட்டல் பலமாக இருந்தது. பின்னேர இறுதிச் சுற்றுக்கும் தெரிவானார்கள்.

"மாத்தி வாசிக்கப் போறியள் எண்டு எனக்குச் சொல்லவே இல்லையே!" என்று மேனகா மிஸ் பூரித்துப்போனார். ஷிம்னா காட்டிக்கொடுக்கவில்லை. சிரிக்கவும் இல்லை. குழலை உறையில் போட்டுக்கொண்டு படிக்கட்டுப் பக்கம் போனாள். மிதுனா பின்னால் ஓடினாள்.

"நீ மறந்திட்டாய் எண்டு நினைச்சன்."

"நான் மறக்கல்ல. கோச்சி போகும்வரைக்கும் நின்டேன். அந்தச் சத்தத்துல யாருக்குக் கேக்கும்?" ஷிம்னா படியில் இறங்காமல் திரும்பினாள். "நீ கீழ வாசிப்பாய்னு நம்பித்தான் கண்ண மூடினேன்."

மிதுனா திரும்பி மண்டபத்துக்கு நடந்தாள்.

மண்டப வாசலில் அம்மா மிஸ்ஸோடு கதைத்துக்கொண்டிருந்தாள். பின்னேரமும் மிதுனாவே மேலே வாசிக்கட்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். மிதுனா நடுவில் போய் நின்றாள்.

"ஷிம்னாதான் மேல, மிஸ். காலமை நாங்கள் மாத்தேல்லை. நான் பறிச்சனான்."

"விசரே உனக்கு?" என்றாள் அம்மா.

மேனகா மிஸ்ஸின் முகத்திலிருந்த சிரிப்பு மறைந்தது. பிறகு ஷிம்னாவைக் கூப்பிட்டு, "இவளோட வாசிக்க உனக்குச் சம்மதமோ?" என்று கேட்டார்.

ஷிம்னா யோசித்தாள். "திரும்பவும் விட்டுட்டுப் போனா?"

"போகமாட்டன்," என்றாள் மிதுனா.

"பாப்பம்."

இறுதிச் சுற்றில் மிதுனா கீழ்வரியைத் தொடங்கினாள். ஷிம்னா குழலை உயர்த்தவே இல்லை. வரி சுற்றிச் சுற்றி வந்தது. ரயிலும் இல்லை, ஒரு சத்தமும் இல்லை. சனம் குசுகுசுத்தது. நடுவர் கடிகாரத்தைப் பார்த்தார். அம்மா இருந்த பக்கம் மிதுனா கண்ணைத் திருப்பவேயில்லை. விலா வலித்தது, உதடு மரத்துக்கொண்டு வந்தது. இவள் பழி வாங்குகிறாளோ? வாங்கட்டும். மூச்சைப் பிய்த்துப் பிய்த்து எடுத்து, அதே வரியை அதே நிதானத்தில் வைத்துக்கொண்டே போனாள்.

ஷிம்னா உள்ளே வந்தாள். தைவதத்தில் ஒரே ஒரு நீளச் சுரம். அது கீழ்வரியின் ஒவ்வொரு சுரத்தோடும் வேறு வேறாகக் கேட்டது. அங்கிருந்து அவள் இறங்கி, தயங்கி, சட்டென்று ஏறினாள். மிதுனா இதுவரை எங்குமே கேட்டிராத ஒன்று அது. உடம்பெல்லாம் சிலிர்த்தது. ஆனாலும் வரியை விடவில்லை.

மூன்றாம் இடம்தான் கிடைத்தது. தொடக்கம் நீண்டுவிட்டது என்றார்கள் நடுவர்கள். அம்மா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு த்ரீவீல் பிடிக்கப் போய்விட்டாள்.

"வேணுமெண்டுதானே நிண்டனி?" என்று மிதுனா கேட்டாள்.

"முதல்ல வேணுமென்டுதான்," என்றாள் ஷிம்னா. "பொறகு கேக்க நல்லா இருந்திச்சு. அதான் நின்டேன்."