பீஸ் போனா பீஸ் போகாது

செல்லாத்தாளை அடக்கம் செய்த மறுநாள் காலை, அவள் தீயில் சிக்கிச் செத்த பனியன் கம்பெனிக்கு அக்கா பூவாத்தாள் போனாள். தங்கை அயர்ன் பாக்ஸை அணைக்காமல் விட்டதால்தான் தீ என்று ஊரெல்லாம் பேச்சு. ஏட்டும் அப்படியே எழுதப் போகிறார். செத்தவள் எழுந்து வந்து இல்லையென்று சொல்லவா போகிறாள்?

அங்கேயே ஃபிட்டராக இருக்கும் அப்பா நாச்சிமுத்து, சுவரோரம் துண்டைப் பிசைந்தபடி நின்றார். பக்கத்தில் ஏட்டு நோட்டை விரித்து வைத்திருந்தார்.

"வா அம்மிணி. படிச்ச புள்ள, உங்கப்பனுக்கு நாலு வார்த்தை ஆறுதல் சொல்லு" என்றார் முதலாளி கன்னையன்.

பூவாத்தாள் நேரே மெயின் போர்டுக்குப் போய் பீஸ் கட்டையைப் பிடுங்கினாள். மெல்லிய கம்பி இருக்க வேண்டிய இடத்தில் தடித்த செம்புக் கம்பி.

"இதென்னங்க?"

"கரண்டுப் பீஸு போனா பனியன் பீஸு போகாதுல்ல, அதுக்குத்தான்."

ஃபியூஸ் போய் மெஷின் நின்றால் சரக்கு வெளியே போகாது என்று அவர் வழக்கமாகச் சொல்லும் வேடிக்கை அது. செல்லாத்தாளே வீட்டில் வந்து சொல்லிச் சிரித்திருக்கிறாள். இன்று யாரும் சிரிக்கவில்லை.

"கம்பிக்குள்ள எலக்ட்ரான் சும்மா ஓடறதில்லீங்க" என்றாள் பூவாத்தாள். "வழியெல்லாம் அணுவுல முட்டி முட்டித்தான் போகுது. முட்டி முட்டி அது இழக்கற சக்திதான் சூடு. பீஸ் கம்பியில அதிகமா இழந்து, அது உருகி அந்து போச்சுன்னா ஓட்டம் நின்னுரும். நீங்க தடிக் கம்பியப் போட்டு வெச்சீங்க. அது அசையல. மிஞ்சுன கரண்டெல்லாம் கூரையில போற பழைய ஒயர்ல ஓடி அதச் சூடாக்கிருச்சு. பாருங்க, மேலதான் மொதல்ல வெந்திருக்குது. அயர்ன் பாக்ஸுக்கு அடியில மேசை கருகவே இல்ல."

அந்தக் குடும்பத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் அவள். பிசிக்ஸ் படித்து என்னடி கிழிக்கப் போகிறாய் என்று கேட்டவர்கள் உண்டு. இதற்குத்தான் படித்தாள் போலிருக்கிறது.

ஏட்டு கேட்டார்: "இந்தக் கம்பிய மாட்டுனது யாரு?"

கன்னையன் நாச்சிமுத்துவைப் பார்த்தார்.

"நானுங்க" என்றார் அப்பா. "அடிக்கடி பீஸு போகுதுன்னு மொதலாளி சத்தம் போட்டாருங்க. தடியாப் போட்டாத் தாங்கும்னு நெனச்சனுங்க."

பூவாத்தாள் கையிலிருந்த பீஸ் கட்டையைப் பார்த்தாள்.

"இப்பச் சொல்லு அம்மிணி. அயர்ன் பாக்ஸா, உங்கப்பனா? எதை எழுதச் சொல்லட்டும்?" கன்னையன் மரியாதையாகத்தான் கேட்டார். அவர் சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது அவளுக்கு.

"செல்லா மறக்கற புள்ள இல்லீங்க" என்றார் அப்பா. "அவ மேல பழி வேண்டாம் சாமி. எம்மேலயே எழுதுங்க."

"மொதலாளி சத்தம் போட்டுத்தான் மாட்டுனாருன்னும் எழுதுங்க" என்றாள் பூவாத்தாள்.

ஏட்டு கன்னையனைப் பார்த்தார். அந்த வார்த்தையை எழுதாமலே பேனாவை உதறிக்கொண்டு, "உங்கப்பன் பேரு என்ன?" என்று அவளிடம் கேட்டார்.

அப்பா தலையசைத்தார், சொல்லு கண்ணு என்பதுபோல.

"நாச்சிமுத்து" என்றாள்.