ஐந்தாம் மாடி வரை

கமலநாதன் பொட்டலத்தைப் பிரித்து மேசை நடுவில் வைத்தான். காட்டுப்பன்றி வறுவல். கோத்தா திங்கியில் ஒரு நண்பர் வீட்டில் செய்வது. தீபாவளிக்கோ பிறந்தநாளுக்கோ சொல்லிவைத்து வாங்கி வருவான். அன்று அப்படி ஒன்றும் இல்லை. சாதாரணப் புதன்கிழமை.

“இன்னைக்கு எதுக்குங்க?” என்றாள் சந்திரமதி.

“சும்மாத்தான். சாப்பிடு.”

மகள் லோஷினி அதற்குள் ஒரு துண்டைக் கடித்துவிட்டு, “அலமாக், காரம்பா!” என்று தண்ணீரைத் தேடினாள். கமலநாதன் அவள் பக்கம் திரும்பவில்லை. மனைவியின் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். அதில் கைப்பிடிச் சோறும் நிறையக் கீரையும் இருந்தன.

“போட்டுக்க.”

“வேணாம்ங்க.”

“ஒரு துண்டு.”

“வயிறு ஒரு மாதிரியா இருக்கு.”

“முன்னெல்லாம் எலும்பைக்கூட விட மாட்டியே.”

“இப்பப் பிடிக்கல.”

பேச்சை முடிக்கத்தான் அப்படிச் சொன்னாள். அவன் கை சோற்றிலேயே நின்றுவிட்டது. லோஷினி இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சத்தம் வராமல் மென்றுகொண்டிருந்தாள். கமலநாதன் எழுந்து கை கழுவிக்கொண்டு சாமி மேடைக்கு எதிரே போய் நின்றான். விளக்கு எரிந்துகொண்டிருந்தது. சந்திரமதிதான் ஏற்றியிருந்தாள். ஏற்றியது அவள்தானா என்று சந்தேகப்படுகிறவனைப்போல அவன் அதைப் பார்த்துக்கொண்டே நின்றான்.

ஏதோ சரியில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. கேட்கத்தான் பயமாக இருந்தது. கேட்டால் தன்னுடையதையும் சொல்ல வேண்டியிருக்கும்.

மூன்று மாதத்துக்கு முன்பு, ரத்தத்தில் சர்க்கரை எல்லைக்கு வந்துவிட்டது, கொழுப்பும் கூடியிருக்கிறது என்று கிளினிக்கில் சொல்லியிருந்தார்கள். சோற்றைக் குறைக்க வேண்டும், கொழுப்பு இறைச்சியை விட வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாக, நாள் முழுவதும் நாற்காலியில் இருக்கக் கூடாது. போன வருடம் பேருந்து நிறுத்தத்தில் மயங்கி விழுந்தபோதே கமலநாதன் சொல்லிவிட்டான்: “இன்னொரு தடவை உடம்புக்கு ஏதாச்சும்னா வேலைய விட்டுட்டு வீட்ல இரு.” அவன் சொன்னால் செய்கிறவன். பாசிர் கூடாங்கில் கப்பல் சரக்குகளுக்கான பத்திரங்களைத் தயாரிக்கும் அலுவலகத்தில் அவளுக்கு ஒரு மேசை இருந்தது. அந்த மேசைதான் உடம்பைக் கெடுக்கிறது என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் அவளுடையது என்று இருந்தது அது ஒன்றுதான். அதனால் கிளினிக்குக்குப் போனதையே வீட்டில் சொல்லவில்லை.

அலுவலகத்தில் எழுந்து நடப்பதும் எளிதாக இல்லை. முதல் வாரம் தொலைபேசியில் பேசும்போது நின்றுகொண்டு பேசினாள். தாள் எடுக்கும் சாக்கில் பிரிண்டர் வரைக்கும் நடந்தாள். மூன்றாம் நாளே மேலாளர் லிம் கண்ணாடி அறையிலிருந்து வெளியே வந்து, நாற்காலி வசதியாக இல்லையா என்று சிரித்துக்கொண்டே கேட்டார். அந்தச் சிரிப்புக்குப் பிறகு அவளால் எழ முடியவில்லை.

பக்கத்து மேசைக்காரி பஸீலாதான் வழி சொன்னாள். தமிழ் முஸ்லிம் பெண். அப்பா மூவாரில் உணவகம் வைத்திருக்கிறார். அலுவலகத்தில் சந்திரமதியோடு தமிழில் சண்டை போடக்கூடிய ஒரே ஆள் அவள்தான்.

“க்கா, நான் தொழப் போனா யாரும் எங்கன்னு கேக்குறாங்களா? என்கூடவே எந்திரிச்சு வந்துடுங்க. நான் உள்ள தொழுவுறேன், நீங்க வெளிய நடங்க.”

தொழுகை அறையான சூராவ் ஐந்தாம் மாடியில் இருந்தது. அலுவலகம் இரண்டாம் மாடியில். அதுவரை லிஃப்டில் போய்வந்த பஸீலா, சந்திரமதிக்காகப் படியேறத் தொடங்கினாள். மதியம் ஒருமுறை, மாலையில் அஸர் தொழுகைக்கு ஒருமுறை. பஸீலா உள்ளே இருக்கும் நேரம் முழுவதும் சந்திரமதி நடைக்கூடத்தின் இந்த முனைக்கும் அந்த முனைக்குமாக நடப்பாள். பெண்களுக்குத் தொழுகை இல்லாத மாதவிலக்கு நாட்களிலும் பஸீலா எழுந்து வந்தாள். மேலே வந்து படியில் உட்கார்ந்து, “சீக்கிரம் நடங்க க்கா, எனக்கு இங்க வேல ஒன்னுமில்ல லா” என்று விரட்டுவாள். லிம் எதுவும் கேட்கவில்லை. உட்கார்ந்தே இருந்ததில் வந்திருந்த கால் வீக்கம் மூன்று மாதத்தில் சந்திரமதிக்குக் குறைந்தது.

வியாழன் காலை, பத்திரங்களை எடுத்துப்போக வந்த டிஸ்பேட்ச் செல்வா அவள் மேசைக்கருகில் நின்றான். கமலநாதனோடு கோயில் நிர்வாகத்தில் இருப்பவன்.

“அண்ணன் ஒன்னும் கேக்கலையா க்கா?”

“என்ன கேக்கணும்?”

“இல்ல… தெனமும் சூராவுக்குப் போறீங்கன்னு பேச்சு வந்துச்சு. நானா சொல்லல. அவருதான் கேட்டாரு. பாத்ததைச் சொன்னேன்.”

“என்னத்தப் பாத்தே?”

“மேல போறதைத்தான். உங்க இஷ்டம் க்கா, எனக்கென்ன.” உறையைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டான்.

சந்திரமதி கணினித் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பன்றி வறுவல் பொட்டலமும், விளக்கின் முன் நின்ற முதுகும் இப்போது விளங்கின. கமலநாதனின் தம்பி கல்யாணத்துக்காக இஸ்லாத்துக்கு மதம் மாறியவன். அப்பா இறந்தபோது அவன் சுடுகாட்டு வாசல் வரைக்கும்தான் வந்தான். உள்ளே வரச் சொல்லி யாரும் அழைக்கவில்லை. கமலநாதனும் அழைக்கவில்லை. அன்றிலிருந்து தம்பியின் பெயரை வீட்டில் யாரும் எடுத்ததில்லை. இப்போது என்னையும் அந்த வாசலில் நிறுத்திப் பார்த்திருக்கிறான் என்று நினைத்தாள். பன்னிரண்டு வயது மகளை யார் பக்கம் நிறுத்துவது என்றுகூட யோசித்திருப்பான்.

மதியம் அவள் எழவில்லை. தலைவலி என்றாள். பஸீலா தனியாகப் போய்வந்தாள்.

அஸர் நேரம் நெருங்கியபோது பஸீலா நாற்காலியைத் தள்ளிவிட்டு நின்றாள். “இப்பவும் தலைவலின்னா நான் இழுத்துட்டுத்தான் போவேன்.”

போகாவிட்டால், செல்வா சொன்னது உண்மை என்று ஆகிவிடும். போனாலும் அப்படித்தான். சந்திரமதி எழுந்தாள்.

மூன்றாம் மாடியைத் தாண்டும்போது பஸீலா அண்ணன் மகளின் நிச்சயதார்த்தத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தாள். பிரியாணிக்கு எத்தனை ஆடு என்று இரண்டு குடும்பமும் அடித்துக்கொள்கிறதாம். சந்திரமதி கைப்பிடிக் கம்பியைப் பார்த்தபடியே ஏறினாள். நான்காம் மாடித் திருப்பத்தில் தலையைத் தூக்கியபோது, மேற்படியில் ஒரு ஜோடிப் பாதுகாப்புக் காலணி தெரிந்தது. துறைமுகத் தூசி படிந்தது. அதன் மேலே கமலநாதன். துறைமுகத்தில் காலை ஷிப்ட் முடிந்து சீருடையோடு வந்திருந்தான்.

பஸீலாவின் பேச்சு நின்றது. “வாங்க அண்ணா. என்ன இங்க?”

அவன் ஒரு பக்கமாக ஒதுங்கி வழிவிட்டான். பஸீலா அவனைப் பார்த்தாள், பிறகு சந்திரமதியைப் பார்த்தாள். மேலே ஏறி, செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள். கதவு சாத்திக்கொண்டது.

இருவரும் நடைக்கூடத்துக்கு ஏறி வந்து நின்றார்கள். கதவுக்குப் பின்னால் குழாயில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. அது நின்றது. சந்திரமதி நடக்கத் தொடங்கினாள். நடைக்கூடத்தின் முனை வரை போனாள். திரும்பி வந்தாள். மறுபடியும் போனாள். அவன் கண் அவளோடு போய்வந்தது.

“உள்ள போகலையா?” என்றான்.

“நான் எதுக்கு உள்ள போறேன்?”

“பின்ன எதுக்கு வர்றே?”

“பாத்தாத் தெரியலையா? நடக்குறேன்.”

“நடக்குறதுக்கு உனக்கு இந்த எடம்தான் கெடைச்சுதா?”

அவள் அவன் முன்னால் வந்து நின்றாள். இனி மறைக்க ஏதும் இல்லை. மேசை போனாலும் போகட்டும் என்று தோன்றியது.

“எனக்குச் சக்கரை வர்ற மாதிரி இருக்கு. கொழுப்பும் இருக்கு. உக்காந்தே இருக்காம நடக்கணும்னு டாக்டர் சொன்னாரு. சொன்னா வேலைய விடச் சொல்லுவீங்கன்னு சொல்லல. கொழுப்பாலதான் நேத்து வறுவலைத் தொடல.”

அவன் அவள் முகத்தையே பார்த்தான். உதடு அசைந்தது. பிறகு அவன் முகம் முழுவதும் இளகியது.

“சக்கரையா?” என்றான். “சக்கரைதானா!” சுவரில் சாய்ந்துகொண்டு சிரித்தான். கண் கலங்கியிருந்தது. “கடவுளே… சக்கரைதானா சந்திரா!”

அந்தச் சிரிப்பை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை மாதம் தனியாகச் சுமந்ததை, நல்ல செய்தி கேட்டவனைப்போல அவன் வாங்கிக்கொண்டான். திருமணமான இத்தனை வருடத்தில் அவனிடமிருந்து இவ்வளவு தூரத்தில் அவள் நின்றதில்லை.

“சிரிக்காதீங்க.”

“இல்ல, நான் என்ன நெனச்சேன்னா…”

“தெரியும். நேத்து என்னைச் சோதிச்சுப் பாத்தீங்க. என்ன நடக்குதுன்னு என்னை ஒரு வார்த்தை கேக்கல. செல்வாவைக் கேட்டீங்க.”

சிரிப்பு அடங்கியது. அவன் சீருடைத் தொப்பியைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டிருந்தான். “நீயும்தான் என்கிட்ட சொல்லல.”

அவள் முனை வரை நடந்துவிட்டுத் திரும்பி வந்தாள்.

“வேலைய விட மாட்டேன்,” என்றாள் கடைசியில். அவன் தலையசைத்தான். சம்மதம்தானா என்று தெரியவில்லை.

கதவு திறந்தது. பஸீலா வெளியே வந்து குனிந்து செருப்பை மாட்டினாள். அந்தக் கதவு மெல்லியது; பேசியதெல்லாம் உள்ளே கேட்டிருக்கும்.

“தங்கச்சி,” என்றான் கமலநாதன்.

“நான் மந்திரம் போட்டுக் கூட்டிட்டு வர்றேன்னு நெனச்சீங்களா அண்ணா?” விளையாட்டாகத்தான் தொடங்கினாள். பாதியில் குரல் மாறிவிட்டது. “மூனு மாசமா இவங்களுக்காகப் படி ஏறுறேன். எனக்கு முட்டி வலி.”

அவன் தரையைப் பார்த்தான்.

“நாளைலேருந்து நான் லிஃப்ட்லயே போறேன் க்கா. உங்க வீட்டுக்குள்ள என் பேரு வேணாம்.” சந்திரமதியைப் பார்க்காமல் சொல்லிவிட்டு லிஃப்டை நோக்கிப் போனாள்.

லிஃப்ட் கீழே எங்கோ நின்றிருந்தது. வர நேரமானது. பஸீலா கதவைப் பார்த்தபடி, முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். கமலநாதன் மனைவியைப் பார்த்தான்.

“வா, படியிலயே போலாம்,” என்றான் மெதுவாக. “நானும் கூட வர்றேன்.”

மூன்று மாதத்துக்கு முன்னால் சொல்லியிருந்தால் அதைவிட இனிய சொல் இருந்திருக்காது.

“நீங்க எறங்குங்க,” என்றாள்.

லிஃப்ட் கதவு திறந்தது. பஸீலா உள்ளே போனாள். கதவு மூடப்போன நேரத்தில் சந்திரமதி கையை நுழைத்துத் தடுத்து அவளும் உள்ளே போய் நின்றாள். பஸீலா ஒதுங்கி இடம் கொடுத்தாள். இரண்டு தோளுக்கும் நடுவே ஒரு கை இடைவெளி இருந்தது. சுவருக்கு அப்பால், காலணிகள் தனியாகப் படியிறங்கும் சத்தம் கொஞ்ச தூரம் கூடவே வந்தது. பிறகு அது மேலேயே நின்றுவிட்டது.