சொல்லாமல் விட்ட உயரம்

ரேடார் அறையில் அவளுக்கு வைத்த பெயர் தந்தி. ஒரு சொல் கூடினால் கட்டணம் கூடிவிடும் என்பதைப் போலப் பேசுவாள். இறங்க வரும் விமானங்களுக்கு, எவ்வளவு உயரத்துக்கு இறங்கலாம், எந்தப் பக்கம் திரும்பலாம் என்று ரேடியோவில் சொல்வது அவள் வேலை. நெரிசல் நேரத்தில் மற்றவர்கள் உளறிக் கொட்டிக்கொண்டிருக்க, இவள் நறுக்குத் தெறித்தாற்போல் முடித்துவிடுவாள். ஜன்னலே இல்லாத அந்த அறையில் அதுதான் கெட்டிக்காரத்தனம்.

அக்கம்பக்கத்தார் அவள் ஓடுபாதையில் நின்று கொடி ஆட்டுகிறாள் என்று நினைத்திருந்தார்கள். அவளும் திருத்தப் போகவில்லை. திருத்துவதென்றால் உட்கார்ந்து பேச வேண்டும், பேச அவளை யாரும் கூப்பிட்டதுமில்லை. அம்மா போன பிறகு வீட்டில் ஆளில்லை. தம்பி ஞாயிற்றுக்கிழமை போன் செய்து, "சாப்பிட்டியாக்கா?" என்பான். பதில் வருவதற்குள், "சரி, உடம்பைப் பாத்துக்கோ" என்று வைத்துவிடுவான். தனிமை பழகிவிட்டது என்று அவள் சொல்லிக்கொள்வாள். பச்சைப் பொய். அது யாருக்குத்தான் பழகியது?

ஒரே ஒரு குரல் இருந்தது. கொஞ்சம் கரகரத்த குரல். உள்நாட்டு விமானம் ஓட்டும் ஒரு கேப்டனுடையது. சாயங்காலம் இறங்க வரும்போதெல்லாம், "இன்னிக்கும் நீங்கதானா? அப்ப கவலையில்ல" என்பார். ஆளை அவள் பார்த்தது கிடையாது. காதலா என்று கேட்டுவிடாதீர்கள். அவள் இருப்பதைக் கவனித்து, கவனித்ததை வாய்விட்டுச் சொன்ன ஒரே மனிதர் அவர். அதுவே அவளுக்குப் பெரிசு. பிறகு அவர் வெளிநாட்டில் வேலை கிடைத்துப் போய்விட்டார். சில வருஷம் அந்தக் குரல் வரவே இல்லை.

ஒரு பிற்பகல் அந்தக் குரல் திரும்ப வந்தது. வேறு கம்பெனி விமானம், அதே கரகரப்பு. அவளுக்கு நெஞ்சு குளிர்ந்துவிட்டது.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். இறங்கும் பாதைக்கு ஒரு வரைபடம் உண்டு. நடுவில் ஓரிடத்தைப் பத்தாயிரம் அடிக்குக் கீழே கடக்கக் கூடாது என்று அதில் போட்டிருக்கும். கிளம்பி மேலேறும் விமானங்கள் அங்கே அந்த உயரத்துக்கு அடியில்தான் போகும். ஆறாயிரம் அடிக்கு இறங்கலாம் என்று அனுமதி தரும்போது, 'நடுவில் உள்ள கட்டுப்பாட்டைக் காத்தபடி' என்றும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பது புது விதி. தந்தி அந்த வாலை வெட்டிவிடுவாள். இங்கே ஓட்டுகிறவர்கள், சொல்லாவிட்டாலும் கட்டுப்பாடு உண்டு என்று நடந்துகொள்வார்கள். கேப்டன் போயிருந்த நாட்டிலோ, சொல்லாவிட்டால் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டார்கள் என்று அர்த்தம்.

அவள் வழக்கம்போல ஆறாயிரத்துக்கு அனுமதி கொடுத்தாள். கேப்டன் அதைச் சரியாகத் திருப்பிச் சொல்லிவிட்டு, நேரே இறங்கினார். கிளம்பிய விமானம் ஒன்று ஏறிக்கொண்டிருந்தது. திரையில் இரண்டு புள்ளிகளும் சிவப்பாகி, அலாரம் அலறியது. அவள் ஒன்றை வலப்பக்கமும் மற்றதை இடப்பக்கமும் திருப்பினாள். குரல் நடுங்கவில்லை. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று. ஆனாலும் அன்றே அவளை நாற்காலியிலிருந்து எழுப்பிவிட்டார்கள்.

விசாரணை நாளில் சூப்பர்வைசர் அவளை நடைக்கூடத்தில் ஓரமாகக் கூட்டிப் போனார்.

"ஏம்மா, நீயா வாயக் குடுத்து மாட்டிக்காத. பைலட் அவசரப்பட்டு இறங்கிட்டாருன்னு முடிஞ்சிடும். உன் சீட்டு உனக்கு."

அந்த நாற்காலி போனால் நாள் முழுக்கப் பேச அவளுக்கு ஒரு ஜீவன் கிடையாது. அவள் தலையாட்டினாள்.

உள்ளே கேப்டன் இருந்தார். குள்ளமான, முன்வழுக்கை விழுந்த மனிதர். எதிரில் இருப்பவள் யாரென்று தெரியாமல் ஒப்புக்குச் சிரித்தார். அன்றைய ரேடியோப் பேச்சின் பதிவை ஓடவிட்டார்கள். அவள் குரல் ஆறாயிரத்துக்கு இறங்கச் சொன்னது. உடனே, மூச்சுவிடாமல், "ரொம்ப நாளாச்சு கேப்டன், நல்லா இருக்கீங்களா?" என்றது.

அவளுக்குக் காது சூடேறியது. அப்படிக் கேட்டது அவளுக்கே மறந்துபோயிருந்தது. கட்டுப்பாட்டைச் சொல்ல நேரமில்லாத வாய்க்கு, குசலம் விசாரிக்க நேரம் இருந்திருக்கிறது.

"சந்தேகம் வந்திருந்தா கேட்டிருக்கலாமே?" என்றார் விசாரணை அதிகாரி.

"சந்தேகமே வரல சார்," என்றார் கேப்டன். "அவங்க எதையும் விட்டுட மாட்டாங்க. நடுவுல கட்டுப்பாடு இருந்தா கண்டிப்பா சொல்லியிருப்பாங்கன்னு நம்பினேன்."

சூப்பர்வைசர் அவளைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். பேசாமல் இரு என்று அர்த்தம். அவளால் முடியவில்லை.

"அவர் மேல தப்பில்ல சார். சொல்ல வேண்டியத நான்தான் சொல்லல. அவருக்கு எல்லாம் தெரியும்னு நெனச்சிட்டேன்."

குரலைக் கேட்டதும் கேப்டன் சட்டென்று நிமிர்ந்தார். அடையாளம் தெரிந்துவிட்டது.

வெளியே வந்ததும், "நீங்கதானா மேடம்?" என்றார். பின்னால் இருநூறு பேரை வைத்துக்கொண்டு இறங்கிய அந்த நிமிஷம் இன்னும் அவர் முகத்தில் இருந்தது. சொல்ல அவளிடம் எவ்வளவோ இருந்தது. "மன்னிச்சிடுங்க" என்று மட்டும் சொன்னாள். அவர் தலையசைத்துவிட்டு லிஃப்டுக்குப் போனார்.

ஒரு மாதம் அவளை இன்னொருவர் கண்காணிப்பில் உட்கார வைத்தார்கள். பிறகு நாற்காலியைத் திருப்பிக் கொடுத்தார்கள். உண்மையைச் சொன்னதற்காகவே கொடுத்தார்கள் என்று சூப்பர்வைசர் சொன்னார், யோசனையே தன்னுடையது என்பதைப் போல.

முதல் நாளே அந்தக் கரகரத்த குரல் வந்தது. அவள் அனுமதியை முழுசாகச் சொன்னாள். ஆறாயிரம், நடுவில் உள்ள கட்டுப்பாட்டைக் காத்தபடி. அவர் ஒரு சொல் விடாமல் திருப்பிச் சொன்னார். பிறகு ரேடியோவில் கொஞ்சம் மௌனம். அவள் விரல் பொத்தான் மேல் இருந்தது. அவரும் காத்திருந்தாரோ என்னவோ, எதுவும் பேசவில்லை. அவளும் அழுத்தவில்லை.

பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்த சூப்பர்வைசர் அவள் தோளைத் தட்டினார்.

"பாத்தியா? இப்பத்தான் ஒரு குறையும் இல்லாம பேசுற."

"ஆமா சார்," என்று சொல்லிவிட்டு, அவள் அடுத்த விமானத்தைக் கூப்பிட்டாள்.